பழைய காருக்கு எந்த கியர் ஆயில்? கியர்பாக்ஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் தனித்தனியாக ஒரு ஒப்பீடு

பழைய கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஜிஎல்-5 80டபிள்யூ-90 தான் கிடைக்கிறது. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் அதையே ஊற்றிவிடலாமா?" ஜிஎல் எண் கியர் ஆயிலின் தர வகை, 80டபிள்யூ-90 அதன் கனம், டிஃபரன்ஷியல் என்பது பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் கியர் தொகுதி. கேட்பவர் கையில் பெரும்பாலும் காரின் கையேடு இருக்காது. இருந்தாலும், அதில் எழுதியிருக்கும் ஆயில் பெயர் எப்போதோ வழக்கொழிந்து போயிருக்கும். ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கடைசியில் எண் பெரிதாக இருப்பதுதான் உசத்தி என்று நினைத்து ஐந்தை வாங்கிவிடுகிறார்கள்.

அப்படி வாங்கியதன் விளைவை ஒருமுறை மேசை மேல் வைத்துப் பார்த்தேன். நண்பர் ஒருவரின் 1950களின் கார். இரண்டாவது கியருக்கு இறக்கும்போது கரகரவென்று அரைத்தது. டிரெயின் பிளக்கைத் திறந்ததும் கந்தக வாடை மூக்கில் ஏறியது. தட்டில் விழுந்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தங்கப் பொடி தூவியது போல மின்னியது. காந்தத்தை விட்டுத் துழாவினேன், பொடி ஒட்டவில்லை. பித்தளை. பெட்டியைப் பிரித்து சிங்க்ரோ ரிங்கை (கியர் மாற்றும்போது வேகங்களை ஒன்றாக்கும் வளையம்) எடுத்தால் வெளிப்புறம் கருத்திருந்தது. உட்புறத்தில் நகத்தால் வருடினால் தட்டுப்பட வேண்டிய மெல்லிய வரிகள் மழுங்கி வழவழவென்று ஆகியிருந்தன. உள்ளே இருந்தது தரமான, புத்தம் புதிய ஜிஎல்-5. டிஃபரன்ஷியலில் இருந்திருந்தால் பல ஆண்டுகள் நன்றாக உழைத்திருக்கும். இடம்தான் தப்பு.

கியர்பாக்ஸும் பின் ஆக்சிலும் இரண்டு தனித்தனி முடிவுகள். இதை ஏற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

## எதை வைத்து முடிவு செய்வது

பல்லின் வடிவம். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் நேர்ப்பல், சாய்ப்பல் கியர்கள் ஒன்றன் மேல் ஒன்று பெரும்பாலும் உருள்கின்றன, கொஞ்சம்தான் வழுக்குகின்றன. பின் ஆக்சிலின் கிரவுன்-பினியனில், அதாவது எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் திருப்பும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடியில், கதை வேறு. பழைய ஆக்சில்களில் இருந்தது ஸ்பைரல் பெவல்: பினியனின் மையக் கோடு கிரவுன் வீலின் மையத்தை நேராகச் சந்திக்கும். பின்னால் வந்தது ஹைபாய்டு. 1926 இல் பேக்கார்ட் கார்களில் அறிமுகமானது. இதில் பினியன், கிரவுன் வீலின் மையத்துக்குக் கீழே தள்ளி அமர்ந்திருக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் தாழ்ந்தது, காரின் தரையையும் தாழ்த்த முடிந்தது, சத்தமும் குறைந்தது. ஆனால் பல் பல்லின் மேல் நீளவாக்கில் இழுபடத் தொடங்கியது. அந்த இழுபடலில் சாதாரண ஆயில் படலம் அறுந்து, எஃகும் எஃகும் நேராக உரசி, பல்லின் முகம் பிய்ந்துவிடும்.

அதைத் தடுக்கவே ஈபி எனப்படும் உயர் அழுத்தக் கூட்டுப்பொருள் வந்தது. இன்றைய ஆயில்களில் அது கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மங்கள். பல் உரசும் இடத்தில் எழும் சூட்டில் இவை இரும்போடு வினைபுரிந்து ஒரு மெல்லிய பூச்சை உண்டாக்குகின்றன. தேய்வது அந்தப் பூச்சு, பல் பிழைத்துக்கொள்ளும்.

உங்கள் ஆக்சில் எந்த வகை என்று தெரியாவிட்டால், காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பினியன் ஃபிளாஞ்சின் நடுவும் ஆக்சில் குழாயின் நடுவும் ஒரே மட்டத்தில் இருந்தால் அநேகமாக ஸ்பைரல் பெவல். ஃபிளாஞ்ச் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் ஹைபாய்டு. ஒரு எச்சரிக்கை: பினியன் மூக்கு சற்று மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்தப்பட்டிருந்தால் கண் ஏமாறும். ஹவுசிங்கின் பின்மூடியைத் திறக்க முடிகிற ஆக்சில் என்றால் திறந்து பார்த்துவிடுவது நிச்சயம். ஒரே பெயரில் வந்த கார்களிலும் இது மாறும். எம்ஜி டிசி வரை ஸ்பைரல் பெவல், அடுத்து வந்த டிடியில் ஹைபாய்டு.

மஞ்சள் உலோகம். பித்தளை, வெண்கலம், செம்பு கலந்த எல்லாமே இதில் அடங்கும். சிங்க்ரோ ரிங், லே-ஷாஃப்ட் புஷ், த்ரஸ்ட் வாஷர், சில ஆக்சில்களின் வொர்ம் வீல் (திருகால் சுழற்றப்படும் சக்கரம்). இரும்போடு வினைபுரிகிற அதே கந்தகம் செம்போடும் வினைபுரியும். கருப்பாக ஒரு படிவு உண்டாகி, உரசும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகும். சூடு ஏற ஏற வேகம் கூடும். இன்றைய கூட்டுப்பொருள்கள் அறுபதுகளில் இருந்தவற்றை விட எவ்வளவோ சாதுவானவை என்பது உண்மை. ஆனாலும் எல்லா டின்களும் ஒன்றில்லை.

இதை அளக்க ஒரு சோதனை உண்டு, ஆயிலின் தகவல் தாளில் தேடுங்கள்: செம்புப் பட்டை அரிப்புச் சோதனை, ஏஎஸ்டிஎம் டி130. தேய்த்துப் பளபளப்பாக்கிய செம்புப் பட்டையைச் சூடான ஆயிலில் வைத்து எடுத்து, நிறம் மாறியதை 1ஏ முதல் 4சி வரை தரம் பிரிப்பார்கள். 1 என்றால் லேசான மங்கல், 4 என்றால் அரிப்பு. கியர் ஆயிலுக்கு 121 டிகிரியில் 3 மணி நேரம் வைப்பது வழக்கம். 100 டிகிரியில் எடுத்த 1பி-யும் 121 டிகிரியில் எடுத்த 1பி-யும் சமமில்லை, ஆகவே சூட்டையும் சேர்த்துப் படியுங்கள். பித்தளை இருக்கிற பெட்டிக்கு 121 டிகிரியில் 1 வரிசைக்கு வெளியே போகும் ஆயிலை நான் ஊற்ற மாட்டேன்.

சிங்க்ரோவுக்கு வேண்டிய உரசல். பலருக்கும் இது விட்டுப்போகும். சிங்க்ரோ ரிங் வேலை செய்வதே உரசலால்தான். கூம்பின் மேல் இருக்கும் ஆயில் படலத்தைக் கிழித்துக்கொண்டு ரிங் பிடித்தால்தான் இரண்டு கியரின் வேகமும் ஒன்றாகும். ஆயில் ரொம்ப வழுக்கினால் பிடிப்பு தாமதமாகும், கியர் அரைக்கும். அரிப்பே இல்லாத ஆயிலிலும் இந்தக் கோளாறு வரலாம். டி130 எண் இதைப் பற்றி எதுவும் சொல்லாது.

கனம். ஆயிலின் கனத்தைக் குறிக்கும் எஸ்ஏஇ எண்கள் கியர் ஆயிலுக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் வேறு வேறு அளவுகோலில் தரப்படுகின்றன. 100 டிகிரியில் கியர் ஆயில் எஸ்ஏஇ 90 இன் பாகுத்தன்மை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. எஞ்சின் ஆயில் 40 என்பது 12.5 முதல் 16.3, 50 என்பது 16.3 முதல் 21.9. அதாவது கியர் 90 உம் எஞ்சின் 40-50 உம் ஏறக்குறைய ஒரே கனம்தான். "தொண்ணூறு போட வேண்டிய இடத்தில் ஐம்பதா?" என்று பதற வேண்டாம். எஸ்ஏஇ 140 மட்டும் நிஜமாகவே கனமானது, 24 முதல் 32.5. இன்னொன்று: 2005 இல் இந்த அளவுகோலைத் திருத்தி இடையில் 110 என்ற ஒரு படியைச் செருகினார்கள். அதற்கு முன் 90 என்ற பெயரில் 24 வரை இருந்தது. பழைய கையேட்டின் 90, இன்று 110 என்று விற்கும் ஆயிலாகவும் இருக்கலாம்.

சீல்கள். பல பழைய பெட்டிகளில் இன்றைய ரப்பர் ஆயில் சீலே கிடையாது. ஷாஃப்டில் வெட்டிய திருகுவரி, வெளியே வரப் பார்க்கும் ஆயிலை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். அல்லது தோல், கம்பளி ஃபெல்ட், கார்க். இவை கனமான ஆயிலை நம்பி அமைக்கப்பட்டவை. வண்டி நின்றுவிட்டால் திருகுவரிக்கு வேலை இல்லை, தண்ணியான ஆயில் மெல்லக் கசியும்.

வண்டி எப்படி ஓடுகிறது. மாதம் ஒருமுறை எடுத்து அரை மணி நேரம் ஓட்டும் காரில் ஆயில் சரியாகச் சூடாகாது. உள்ளே கோத்த ஈரம் வெளியேறாது. ஈபி கூட்டுப்பொருளோடு ஈரம் சேர்ந்தால் அமிலம் உண்டாகும். ஓடாத கார் கெடாது என்ற நினைப்பு இங்கே பொய்க்கிறது.

## கூட்டுப்பொருள் இல்லாத மினரல் ஆயில் (ஜிஎல்-1)

ஈபி எதுவும் இல்லாத சுத்தமான மினரல் ஆயில். துரு தடுப்பும் நுரை தடுப்பும் கொஞ்சம் இருக்கலாம். மஞ்சள் உலோகத்துக்கு இதைவிடச் சாதுவான ஆயில் இல்லை.

சிங்க்ரோ இல்லாத பழைய கிராஷ் பெட்டிக்கு என் முதல் தேர்வு இதுதான். அந்தப் பெட்டியில் மேல் கியருக்கு மாற்றும்போது, கிளட்ச்சை இருமுறை மிதிக்கிற இடைவெளியில், உள்ளே சுழலும் கியர்களின் வேகத்தைக் குறைப்பது ஆயிலின் இழுவைதான். ஆயில் தண்ணியாக இருந்தால் கியர் நீண்ட நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும், நீங்கள் காத்திருக்க வேண்டும், பழகிய தாளம் தப்பும். சரியான கனம் ஊற்றிய அன்று லீவர் தானாகவே உள்ளே விழுவதைக் கை உணரும். ஸ்பைரல் பெவல் ஆக்சிலுக்கும் எஸ்ஏஇ 140 கனத்தில் இது நன்றாக உழைக்கும்.

ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ வைத்திருப்பவர்கள் சொல்லும் "600டபிள்யூ" இந்தக் குடும்பம்தான். அந்த 600 எஸ்ஏஇ எண் இல்லை. நீராவி எஞ்சின் சிலிண்டருக்காக விற்ற ஓர் ஆயிலின் வணிகப் பெயரிலிருந்து ஒட்டிக்கொண்டது. இன்று அதே பெயரில் விற்பவை 140 இலிருந்து 250 வரை பல கனங்களில் இருக்கின்றன. பெயரைப் பார்க்காமல் தகவல் தாளில் 100 டிகிரி எண்ணைப் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவு: அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ இன்று ஜிஎல்-4, ஜிஎல்-5, எம்டி-1 ஆகியவற்றைத்தான் நடப்புத் தரங்களாக வைத்திருக்கிறது. ஜிஎல்-1 என்ற முத்திரைக்குப் பின்னால் நடப்புத் தரம் இல்லை, தயாரிப்பாளரின் வார்த்தை மட்டும்தான். தேடி வாங்க வேண்டும், சீக்கிரம் மாற்ற வேண்டும். ஹைபாய்டு ஆக்சிலில் மட்டும் தவறியும் ஊற்றக் கூடாது. பல் கீறிவிட்டால் கிரவுன்-பினியன் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும். அரிய கார் என்றால் அந்த ஜோடி கிடைப்பதே பெரும்பாடு.

## எஞ்சின் ஆயில்

கியர்பாக்ஸில் எஞ்சின் ஆயிலா என்று கேட்பவர்கள் அதிகம். காரைச் செய்தவர்களே சொல்லியிருந்தால் தயங்கவே வேண்டாம். மோரிஸ் மைனருக்கு எஸ்ஏஇ 30 எஞ்சின் ஆயில். எம்ஜிபிக்கு 20டபிள்யூ-50. 1959 இல் வந்த மினியில் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியிலேயே இருக்கிறது, இரண்டும் குடிப்பது ஒரே ஆயில். கியரை முன்கூட்டியே தேர்ந்து வைக்கும் வில்சன் பிரிசெலக்டர் பெட்டியிலும் பிடிப்பு முழுக்க பிரேக் பட்டைகளை நம்பியது, அங்கே ஈபி ஆயில் போனால் பட்டை வழுக்கும்.

லேகாக் ஓவர்டிரைவ் (கியர்பாக்ஸோடு இணைக்கும் கூடுதல் உயர் கியர்) பொருத்திய கார்கள் தனிக் கவனம் கேட்கின்றன. ஓவர்டிரைவும் கியர்பாக்ஸும் பெரும்பாலும் ஒரே ஆயிலைப் பகிர்கின்றன. உள்ளே ஒரு கூம்பு கிளட்ச், அது உரசினால்தான் பிடிக்கும். வழுக்கலைக் கூட்டும் எந்தப் புட்டியையும் அதில் கவிழ்க்காதீர்கள். கையேடு எஞ்சின் ஆயில் என்றால் எஞ்சின் ஆயில், 90 என்றால் 90.

மறைந்திருக்கும் செலவு சிறியதுதான். 20டபிள்யூ-50 போல இரண்டு எண் கொண்ட பல்படி ஆயில்களில் கனத்தைக் காக்கும் பாலிமர்கள் கியர் பல்லுக்கிடையில் அரைபட்டு உடையும், 20டபிள்யூ-50 நாளடைவில் இளகும். ஒற்றைப்படி 30 அல்லது 40 இல் இந்தத் தொல்லை இல்லை. எஞ்சின் ஆயிலின் சலவைக் கூட்டுப்பொருள் தூசியையும் ஈரத்தையும் மிதக்க வைத்துக்கொண்டே சுற்றும், கியர்பாக்ஸிலோ வடிகட்டி இல்லை. ஆகவே சற்று முன்னதாகவே மாற்றிவிடுங்கள். ஹைபாய்டு ஆக்சிலுக்கு எஞ்சின் ஆயில் எந்நாளும் வேண்டாம்.

## ஜிஎல்-4

அளவான ஈபி. பித்தளை சிங்க்ரோ உள்ள, கையேட்டில் "90", "ஈபி 90" என்று எழுதியிருக்கும் பெட்டிகளுக்கு இதுவே பொருத்தம். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போல கியர்பாக்ஸும் ஃபைனல் டிரைவும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் கார்களில், பித்தளையையும் காத்து கிரவுன்-பினியனையும் காக்கிற நடுவழி இதுதான்.

இதில் பலர் அறியாத ஒன்று உண்டு. 1950களின் கையேடு பின் ஆக்சிலுக்கு "ஹைபாய்டு 90" என்று சொன்னால் அது எந்த வலு? அந்நாளைய அளவுகோல் மில்-எல்-2105 என்ற அமெரிக்க ராணுவ விவரக்குறிப்பு. அதன் வலு ஏறக்குறைய இன்றைய ஜிஎல்-4. ஜிஎல்-5 க்கு இணையான 2105பி வந்தது 1962 இல்தான். அப்படியென்றால் ஐம்பதுகளின் ஹைபாய்டு ஆக்சில்கள் இன்றைய ஜிஎல்-4 வலுவுள்ள ஆயிலோடுதான் ஆலையை விட்டு வெளியே வந்தன. குறைந்த குதிரைத்திறன், மெதுவான ஓட்டம், எஞ்சின் மாற்றப்படாத கார் என்றால், ஹைபாய்டு ஆக்சிலுக்கும் நல்ல ஜிஎல்-4 போதும் என்பது என் கருத்து. கூடுதல் வலுவான எஞ்சின் ஏற்றியிருந்தாலோ, மலையேற்றமும் டிரெய்லர் இழுப்பும் இருந்தாலோ பேச்சு வேறு.

மறைந்திருக்கும் செலவு முத்திரையில் இருக்கிறது. "ஜிஎல்-4/ஜிஎல்-5" என்று இரண்டும் எழுதிய டின்கள் நிறைய. இதன் பொருள் பெரும்பாலும் உள்ளே இருப்பது ஜிஎல்-5 அளவு கூட்டுப்பொருள், அது ஜிஎல்-4 இன் சுமைத் தேவையையும் தாண்டுகிறது என்பதுதான். பித்தளைக்குப் பாதகம் இல்லாததாகவும் இருக்கலாம். ஆனால் சிங்க்ரோ உரசல் அந்த முத்திரையில் தெரியாது. நான் ஜிஎல்-4 மட்டும் எழுதியிருக்கும் டின்னைத்தான் தேடுவேன்.

## ஜிஎல்-5

ஜிஎல்-4 ஐ விட ஏறக்குறைய இரு மடங்கு ஈபி கூட்டுப்பொருள். அதிர்ச்சிச் சுமை, அதிவேகம், ஹைபாய்டு, இந்த மூன்றுக்காகவே செய்யப்பட்டது. அறுபதுகளுக்குப் பிந்தைய வலுவான கார்களின் பின் ஆக்சிலில் இதற்கு ஈடு வேறில்லை. அங்கே ஜிஎல்-1 போன்றவற்றை ஊற்றுவதுதான் குற்றம்.

ஆக்சிலுக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். சில டிஃபரன்ஷியல்களில் பக்கக் கியர்களுக்குப் பின்னால் வெண்கல த்ரஸ்ட் வாஷர்கள் இருக்கும். அவை சிங்க்ரோ ரிங் போல நுண்மையானவை இல்லை, அதனால் டி130 இல் நல்ல எண் வாங்கிய ஜிஎல்-5 அங்கே பிரச்சினை தராது. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்றால் உள்ளே கிளட்ச் தட்டுகள் இருக்கும், அதற்குரிய உரசல் திருத்தி கலந்த ஆயில் வேண்டும். இல்லாவிட்டால் மெதுவாகத் திரும்பும்போது பின்னால் கடகடவென்று உதறும். அதே திருத்தி கலந்த ஆயில் கியர்பாக்ஸுக்குப் போனால் சிங்க்ரோ வழுக்கும். டின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கியர்பாக்ஸைப் பொறுத்தவரை, சிங்க்ரோவும் புஷ்ஷும் மஞ்சள் உலோகமாக இருந்தால் வேண்டாம். அவசரத்துக்கு ஊற்றி வீடு வந்து சேர்ந்தால் ஒன்றும் ஆகிவிடாது. அப்படியே விட்டுவிட்டு வருடக்கணக்கில் ஓட்டுவதுதான் தொல்லை.

## சிந்தெடிக்கும் நவீன மேனுவல் டிரான்ஸ்மிஷன் ஆயிலும்

குளிரில் முதல் கிலோமீட்டரிலேயே கியர் வெண்ணெய் போல விழும். சூட்டில் சீக்கிரம் கெடாது. எழுபதுகளுக்குப் பிந்தைய, ரப்பர் சீல் உள்ள பெட்டியில், ஜிஎல்-4 என்று எழுதிய 75டபிள்யூ-90 சிந்தெடிக் அருமையான தேர்வு.

திருகுவரி சீல் உள்ள பெட்டியில் இதுவே வினையாகும். பெட்டியின் முன்பக்கம் கசிந்தால் ஆயில் கிளட்ச் தட்டில் போய் நிற்கும். கிளட்ச் வழுக்கினால் பெட்டியையே இறக்க வேண்டும். பின் ஆக்சிலில் கசிந்தால் பிரேக் டிரம்முக்குள் போகும், அது வெறும் செலவோடு நிற்காது, பிரேக் பிடிக்காமல் போகும் ஆபத்து. 75டபிள்யூ-80 போன்ற இன்னும் தண்ணியான ஆயில்களை, பேரிங் தேய்ந்து ஏற்கெனவே முனகிக்கொண்டிருக்கும் பெட்டியில் ஊற்றினால் சத்தம் கூடும். அதைக் கேட்டு ஆயில் மோசம் என்று நினைப்பார்கள். தேய்மானம் முன்பே இருந்தது, கனமான ஆயில் அதை மூடி வைத்திருந்தது.

## வொர்ம் ஆக்சில்

பியூஜோ 403, 404 போன்ற சில கார்களில் பின் ஆக்சில் வொர்ம் வகை. எஃகுத் திருகு, வெண்கலச் சக்கரம். முழுக்க முழுக்க வழுக்கும் தொடர்பு. ஜிஎல்-5 இங்கே எதிரி. விளக்கெண்ணெய் அடிப்படையிலான ஆயில் இவற்றுக்குப் பேர்போனது, வெண்கலத்தின் மேல் அதன் படலம் அவ்வளவு உறுதி. ஆனால் அது மினரல் ஆயிலோடு சேராது. வொர்ம் கியருக்கென்றே விற்கும் பாலிகிளைகால் சிந்தெடிக்கும் மினரலோடு சேராது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் மட்டம் நிரப்புவது இந்த ஆக்சிலில் செய்யக்கூடிய பெரிய தவறு. முழுக்க வடித்து, கழுவி, ஒரே வகையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

## கிரீஸ் கலப்பது

கசிவை நிறுத்த கியர்பாக்ஸில் கிரீஸைத் திணிப்பது பழைய பழக்கம். கியர் சுற்றிச் சுற்றி கிரீஸில் ஒரு பள்ளம் வெட்டிக்கொள்ளும், அப்புறம் அந்தப் பள்ளத்துக்குள் வெறுமனே சுழலும். புஷ்ஷுக்கும் பேரிங்குக்கும் ஒரு சொட்டும் போகாது. ஸ்டியரிங் பெட்டிக்கு இளகிய கிரீஸ் சரி. கியர்பாக்ஸுக்கு இதை எந்தச் சூழ்நிலையிலும் நான் சொல்ல மாட்டேன். கசிவைச் சகித்துக்கொண்டு மட்டத்தைப் பார்த்து வருவது எவ்வளவோ மேல்.

## ஒரே பார்வையில்

| ஆயில் | பித்தளை, வெண்கலம் | ஹைபாய்டு பல் | பழைய சீல் | எங்கே ஊற்றலாம் |
|---|---|---|---|---|
| ஜிஎல்-1, 90 அல்லது 140 | பாதகமில்லை | கூடவே கூடாது | நன்று | கிராஷ் பெட்டி, ஸ்பைரல் பெவல் |
| எஞ்சின் ஆயில் 30, 40, 20டபிள்யூ-50 | பாதகமில்லை | கூடாது | 30 என்றால் கசியலாம் | கையேடு சொன்ன பெட்டிகள், பிரிசெலக்டர் |
| ஜிஎல்-4, 80டபிள்யூ-90 | பொதுவாகப் பாதகமில்லை | ஐம்பதுகளின் மிதமான கார்களுக்குப் போதும் | பரவாயில்லை | சிங்க்ரோ பெட்டி, ஒரே கூட்டு டிரான்ஸ்ஆக்சில், ஸ்பைரல் பெவல் |
| ஜிஎல்-5, 80டபிள்யூ-90 | டி130 பார்த்துத்தான் | மிகச் சிறப்பு | பரவாயில்லை | பின் ஆக்சில் மட்டும் |
| சிந்தெடிக் 75டபிள்யூ-90 | ஜிஎல் எண்ணைப் பொறுத்தது | ஜிஎல் எண்ணைப் பொறுத்தது | கசியும் | ரப்பர் சீல் உள்ள பிந்தைய கார்கள் |

## கையேடு இல்லை, உள்ளே இருப்பது என்னவென்றும் தெரியாது

இந்த நிலையில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நான் செய்வதைச் சொல்கிறேன்.

காரைக் கொஞ்ச தூரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, முதலில் ஊற்றும் பிளக்கைக் கழற்றுங்கள். பல வருடம் திறக்காத பிளக் மக்கர் பண்ணும். கீழ் பிளக்கைத் திறந்து ஆயிலை வடித்த பிறகு மேல் பிளக் அசைய மறுத்தால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

வடிந்த ஆயில் நிறையச் சொல்லும். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தங்க நிறப் பொடி என்றால் மஞ்சள் உலோகம் தேய்கிறது, ஆகவே உள்ளே அது இருக்கிறது. பிளக்கின் காந்தத்தில் கருஞ்சாந்து போல ஒட்டியிருப்பது வழக்கமான எஃகுத் தேய்மானம். முள் முள்ளாகச் சில்லு வந்தால் எந்த ஆயிலும் பல்லைக் காப்பாற்றாது, பிரித்தே ஆக வேண்டும். ஆக்சிலில் இருந்து மரத்தூள் வந்தால் முந்தைய உரிமையாளர் சத்தத்தை மறைத்திருக்கிறார்.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் பழக்கம் உண்டு. அது மூலைகளில் தங்கி புது ஆயிலை இளக்கிவிடும். ஊற்றப் போகும் ஆயிலின் வகையிலேயே இளக்கமான ஒன்றைக் கொஞ்சம் ஊற்றி, சக்கரங்களைத் தூக்கி மெல்லச் சுற்றி வடிப்பது நல்லது.

அப்புறம் ஊற்ற வேண்டியது: சிங்க்ரோ உள்ள கியர்பாக்ஸ் என்றால் ஜிஎல்-4 மட்டும் எழுதிய 80டபிள்யூ-90. சிங்க்ரோ இல்லையென்றால் ஜிஎல்-1 90, பெட்டி தேய்ந்து லூஸாக இருந்தால் 140. பின் ஆக்சில் ஹைபாய்டு என்று உறுதியானால் ஜிஎல்-5, ஸ்பைரல் பெவல் என்றால் 140 கனத்தில் ஜிஎல்-1 அல்லது ஜிஎல்-4. எந்த வகை என்று உறுதியாகவில்லை என்றால் வொர்ம் இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு ஜிஎல்-4 ஊற்றுங்கள், நிதானமாக ஓட்டுங்கள், மூடியைத் திறந்து பார்க்கும் நாள் வரும் வரை அது காப்பாற்றும். ஓவர்டிரைவோ பிரிசெலக்டரோ இருந்தால் மட்டும் யூகிக்க வேண்டாம், அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரின் கையேட்டைப் பார்க்கும் வரை காத்திருங்கள்.

மட்டம் ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரைதான். துளை வழியே வழிந்து நின்ற பிறகு பிளக்கைப் போடுங்கள், இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று காரைச் சாய்த்து ஊற்றினால் அது பிரேக் டிரம்முக்குத்தான் போய்ச் சேரும். முதல் 500 கிலோமீட்டரில் ஒருமுறை வடித்துப் பாருங்கள், தங்கப் பொடி குறைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதன் பிறகு, ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எந்த ஆயில், என்றைக்கு ஊற்றியது என்று ஒரு சின்னத் தகட்டில் பொறித்து ஊற்றும் பிளக்கின் அருகில் கம்பியால் கட்டிவிடுகிறேன் நான். அடுத்து அந்தக் காருக்கு அடியில் படுப்பவருக்குத் தேடல் மிச்சம்.